பக்கத்து மாடியில் ஆன்டெனா

விமானங்கள் அனுப்பும் சிக்னலைப் பிடித்து, எது எங்கே பறக்கிறதென்று போனில் காட்டும் சின்ன ரேடியோ பெட்டி ஒன்று லுப்னாவிடம் இருந்தது. ஆனால் வேலூர்ப் பக்கமிருந்து வரும் விமானம் ஒன்றுகூட அதில் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மாடி மேற்குத் திசையை மறைத்தது.

அந்த வீட்டுக்காரர் தணிகாசலம், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். லுப்னா தயங்கித்தான் போய்க் கேட்டாள்.

"அண்ணா, உங்க தண்ணி டேங்க் மேல என் ஆன்டெனாவக் கட்டிக்கட்டுமா?"

"கட்டிக்கோம்மா. ஷாக் ஒண்ணும் அடிக்காதே?"

"அடிக்காதுண்ணா."

ஒயர் நீண்டால் சிக்னல் குறைந்துவிடும். அதனால் பெட்டியையும் அவர் மாடி அறையிலேயே வைத்தாள். சாயங்காலத்துக்குள் வேலூரைத் தாண்டி ஆம்பூர் வரை விமானங்கள் தெரிந்தன. ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்த தணிகாசலத்தின் போனிலும் அதைத் தெரியவைத்தாள்.

மறுநாள் காலை அவர் மாடியிலிருந்து கூப்பிட்டார்.

"லுப்னாம்மா, மெட்ராஸுக்கு நாலு பேரு வரிசையா வந்துக்கினு இருக்காங்க. பின்னாடி வர்றவன் ஓவர்டேக் பண்ணுவானா?"

"பண்ண மாட்டான்ணா, எறங்குறதுக்கு லைன்ல வரான்."

"நம்ம ரோட்ல ஒருத்தனாவது இப்படி வந்திருப்பானா?"

லுப்னா அடுப்பை அணைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே மாடிக்கு ஓடினாள்.