அலியோலி திரிந்த சனிக்கிழமை

எங்கள் கிராசியா பகுதியில், பால்டிரியின் சாப்பாட்டுக் கடையில் சனிக்கிழமை காலை இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை, கண்ணுகளா. காலையில் ஒரு துண்டு ரொட்டியும் காபியும் போதும் என்கிறவர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். கன்றுக்குட்டியின் தலையும் காலும் கொண்டைக்கடலையோடு கொதித்துக்கொண்டிருக்கும். தகரத் தட்டில் நத்தை சடசடக்கும். மூக்கு நீண்ட கண்ணாடிக் கூஜாவில் ஒயின் கைமாறிக் கைமாறிப் போகும். உதடு படாமல் அண்ணாந்து குடிக்கத் தெரியாதவன் சட்டையோடு குளித்துவிட்டுத்தான் வீடு போவான்.

நத்தைக்குத் தொட்டுக்கொள்ள அலியோலிச் சாந்து வேண்டும். பூண்டு, உப்பு, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். முட்டை சேர்க்கலாமே என்று யாராவது சொன்னால் பால்டிரி கரண்டியை ஓங்குவான். ஒருத்தர் உரலில் குழவியை ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும். இன்னொருத்தர் எண்ணெயை நூல் மாதிரி விட வேண்டும். அது சேர்ந்து வரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. பேச்சு மணிக்கட்டில் இறங்கிவிடும், சாந்து திரிந்துவிடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

எண்ணெய் விடுகிறவள் ரெமெய். சந்தையில் உப்பு மீன் கடை வைத்திருந்தவள், புருஷனை இழந்தவள். சனிக்கிழமை மீன் கொண்டுவந்து போட்டுவிட்டு, அப்படியே எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொள்வாள். கல்யாணமே செய்துகொள்ளாத பால்டிரியின் மனசில் என்ன இருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். அவளிடம் மட்டும் அவன் சொன்னதில்லை.

நான் சொல்லும் அந்தச் சனிக்கிழமைக்குள் ரெமெய் தன் மீன் கடையை வேறு ஆளிடம் விட்டுவிட்டாள். மகன் எர்மென்கோல் மறுநாள் வேனோடு வந்து அவளைத் தான் இருக்கிற லேய்தா ஊருக்குக் கூட்டிப் போகிறான். சாமான் எல்லாம் பெட்டியில் அடங்கி, அவள் வீட்டுக் கீழ்வாசலுக்கு இறங்கியாயிற்று. பால்டிரிக்கு அந்தக் காலை ஒன்றுதான் மிச்சம்.

"பால்டிரி, நத்தை உயிர் வந்து ஊர்ந்து போயிடும்போல இருக்கு, சீக்கிரம்டா!" என்றான் குழாய் வேலை பார்க்கும் ஃபெர்மி.

"வாய மூடு. கிண்டப் போறேன்."

கடையே அடங்கியது. குழவிச் சத்தம் மட்டும். எண்ணெய் மெல்லிசாக இறங்கியது, சாந்து வெளுத்துப் பளபளத்து மேலே வந்தது. அப்போது பால்டிரி, உரலைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, சொன்னான்:

"ரெமெய், லேய்தாவுக்குப் போகாத."

அவள் கிண்ணத்திலிருந்து எண்ணெய் குபுக்கென்று கொட்டியது. அவன் குழவி எதிர்ப்பக்கம் சுற்றியது. களிம்பு மாதிரி இருந்தது கட்டி கட்டியாக எண்ணெயில் மிதந்தது.

"பாவி மனுஷா! பேச வேற நேரமே கிடைக்கலியா உனக்கு?"

"இப்பதானே பக்கத்துல நிக்கிற."

"வாரம் பூரா ஊமையா இருந்துட்டு எங்க நத்தை தலையிலயா கைய வைக்கிற?" என்றான் ஃபெர்மி.

"நீ சும்மா இரு, ஃபெர்மி" என்றாள் ரெமெய். "போகாதன்னா? அப்புறம்?"

பால்டிரி கையை முன்துணியில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். "என்னோட இரு. கல்யாணம் வேணும்னாலும் சரி, வேணாம்னாலும் சரி."

ரெமெய் திரிந்ததைக் கிண்ணத்தில் வழித்தாள். புதுப் பூண்டு போட்டு, உப்புத் தூவி, குழவியைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"திரிஞ்சத நீ கொஞ்சம் கொஞ்சமா விடு. எவனாவது பேசுனா உரல் பறக்கும்."

பாவம், பால்டிரி. கேள்வி கேட்டாயிற்று, பதிலைக் கேட்க வாயைத் திறக்க முடியாது. கழுத்துவரை சிவந்துபோய் நின்றான், ஆனால் கையிலிருந்து இறங்கிய நூல் அறுபடவில்லை. நானும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

சாந்து இறுகியது. குழவியை நடுவில் விட்டாள். நட்டது மாதிரி நின்றது.

ஃபெர்மி எழுந்துவிட்டான். "உரலக் கவுத்துப் பாரு அக்கா! சாந்து விழலைன்னா நீ இங்க, விழுந்தா லேய்தா!"

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ரெமெய் உரலைத் தூக்கினாள். பால்டிரி கண்ணை மூடிக்கொண்டான். அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கவிழ்க்காமலே அதைக் கீழே வைத்தாள்.

"நான் எங்க இருக்கணும்னு பூண்டுகிட்டயா கேக்கப் போறேன்? கண்ணத் திற பால்டிரி. கல்யாணம் ஒரு தடவ பண்ணிட்டேன், போதும். என் வீடு என் வீடாவே இருக்கட்டும். ஆனா ஞாயித்துக்கிழமை நீ கடைய மூடணும். அன்னிக்கு நான் சமைப்பேன், நீ உக்காந்து சாப்பிடணும். அடுப்புப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது. முடியுமா?"

"ஞாயித்துக்கிழமை வர்றவங்க..."

"முடியுமா, முடியாதா?"

"மூடிடறேன்."

"அப்ப நாங்க எங்கடா போறது?" என்று அலறினான் ஃபெர்மி.

"வீட்டுல நீ சமைச்சு உன் பொண்டாட்டிக்குப் போடு" என்றாள் ரெமெய்.

மறுநாள் மகன் வந்தான். அம்மா வாசலில் பையோடு நிற்பாள் என்று நினைத்தவனை, அவள் மாடி வீட்டில் மூன்று தட்டு வைத்த மேசை வரவேற்றது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். தக்காளி தேய்த்த ரொட்டியை எடுத்துக் குழம்பில் தோய்த்தான், இன்னொன்று கேட்டான். சாப்பிட்டு முடித்து, வேனில் ஏற்றுவதற்காகக் கீழ்வாசலில் அடுக்கியிருந்த பெட்டிகளை அவனே முனகிக்கொண்டு அம்மாவின் மாடிக்குத் திரும்பத் தூக்கிப் போனான். பால்டிரி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.