கொழும்பான் கடை

மடுத்தீனுக்கு அந்தக் கடையைத் தெரியும். பாரிசின் லா சப்பலில் இருபது வருடமாக மீன் வெட்டுகிற மனிதருக்கு, அந்த வட்டாரத்தில் எது திறந்தது எது பூட்டியது என்று தெரியாமல் போகுமா? மூன்று மாதத்துக்கு முன், பின்தெருவில் மஞ்சளும் நீலமும் சிவப்புமாகக் கண்ணைக் குத்துகிற போர்டு ஒன்று ஏறியது. கடலுணவு என்று பிரெஞ்சில் ஒரு வரி. அதன் கீழே 'ரெஸ்தோரோன் கொலொம்பியன்' என்று இன்னொரு வரி. அன்றைக்கே அவர் மீன்கடை முதலாளி அம்புறோஸிடம் போய்ச் சொன்னார்.

"அண்ணை, கொழும்பான் இஞ்சையும் வந்து கடை போட்டிட்டான்."

அம்புறோஸ் ஒரு பெட்டி இறாலை ஐஸில் கொட்டிக்கொண்டே, "போடட்டும் மடுத்தீன், எல்லாரும் பிழைக்கத்தானே வந்தது" என்றார். அந்தப் பெருந்தன்மை மடுத்தீனுக்குப் பிடிக்கவில்லை. அதன்பிறகு அந்தத் தெருவால் நடப்பதையே விட்டுவிட்டார்.

இப்போது அதே கடைக்குத்தான் மகள் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள்.

டிலானி அவருக்கு ஒரே பிள்ளை. பாரிசில் பிறந்தவள், தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லி வளர்ந்தவள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள், பொபினி வீட்டுக் குசினியில் வைத்து, தான் ஒருவனை விரும்புவதாகச் சொன்னாள். பெயர் செபஸ்டியன் என்றதும் தாய் சுகிர்தத்தின் முகம் மலர்ந்தது. வேதக்காரப் பெடியன், பிறகென்ன?

"எவடத்துப் பெடியன், பிள்ளை? மன்னாரோ, பாசையூரோ?"

"நோன், அம்மா. செபஸ்டியன் பெரேரா. கொலொம்பியன்."

பாரிசில் இருப்பவனைப் பிரெஞ்சுக்காரர் பாரிசியன் என்பார்கள். அப்படியென்றால் கொழும்பில் இருப்பவன் கொலொம்பியன். மடுத்தீன் கற்ற பிரெஞ்சு இலக்கணம் அவ்வளவுதான், ஆனால் அதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பெயரோ பெரேரா, சிங்களவர் வைக்கிற பெயர். டிலானி போனில் காட்டிய படத்தில் மாநிறமாய், சுருட்டை முடியும் மெல்லிய மீசையுமாக ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நீர்கொழும்புப் பக்கத்தில் இப்படி ஆயிரம் செபஸ்டியன் பெரேராக்களை அவர் கண்டிருக்கிறார்.

"கொழும்பானுக்கு இந்த வீட்டிலை இடமில்லை" என்றார். "அவன்தான் வேணுமெண்டால் உனக்கும் இல்லை."

கொழும்பான் என்ற அந்தச் சொல்லை அவரும் சொன்னார், அவளும் கேட்டாள். தகப்பன் தன்னுடைய தமிழில் கொலொம்பியனைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். ஒரே சொல்லை இரண்டு பேரும் இரண்டு பக்கத்தால் பிடித்துக்கொண்டு பிரிந்தார்கள்.

கொழும்பு என்றால் மடுத்தீனுக்கு ஊரில்லை, ஒரு லொட்ஜ். தம்பி பேதுருவைப் பிரான்சுக்கு எடுப்பிக்க ஏஜென்சிக்காரனைப் பிடித்தவர் அவர்தான். தங்கள் ஊர் பேசாலையிலிருந்து வெளிக்கிட்டு வந்து அந்த லொட்ஜில் நில் என்று சொன்னவரும் அவர்தான். இரண்டாயிரத்து ஏழில் ஒரு காலை நான்கு பேர் வந்து, சிங்களத்தில் அடையாள அட்டையைக் கேட்டு, பேதுருவை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவன் போனவன்தான். லொட்ஜ்காரன் போன் எடுத்துச் சொன்னபோது மடுத்தீனின் கையில் பாதி வெட்டின பாரைமீன் இருந்தது. அன்றிலிருந்து அந்த ஊரின் பெயரை யாராவது சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார்.

சுகிர்தம் மட்டும் விடவில்லை. "ஒருக்கால் கேளுங்கோவன், அவன் நீங்கள் நினைக்கிற ஆளில்லை" என்று எத்தனையோ தரம் வாயெடுத்தாள். கொழும்பானிலும் நல்லவன் உண்டு என்று சொல்ல வருகிறாள் என்று நினைத்து, ஒவ்வொரு தரமும் அவர் மேசையில் அடித்து அவளை நிறுத்தினார். பிடித்தால் உடும்புப்பிடி, அதில் அவருக்குப் பெருமை வேறு. போன மாரியில் சுகிர்தம் ஆஸ்பத்திரியில் படுத்தாள். டிலானி அவர் இல்லாத நேரம் பார்த்து வந்து போனாள். "அவன் இதுக்குள்ளை கால் வைச்சால் நான் வெளியிலை போயிடுவன்" என்று மடுத்தீன் சொல்லிவைத்திருந்ததால், செபஸ்டியன் கைக்குழந்தையோடு கீழே முற்றத்தில் நின்றான். சுகிர்தம் தன் பேத்தியைக் கடைசிவரை நாலாம் மாடி யன்னலால்தான் பார்த்தாள். மடுத்தீன் பேத்தியைப் பார்த்தது சுகிர்தத்தை அடக்கம் செய்த அன்று, சேமக்காலைப் படலையடியில், தூரத்தில்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். பொபினி வீட்டில் வானொலியும் அவரும்தான். தனியே சமைத்துத் தனியே சாப்பிட்டுக் களைத்துப்போய், பிழை யாருடையது என்று நினைப்பதைக்கூட நிறுத்தியிருந்த நேரத்தில் போன் வந்தது.

"பப்பா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாங்கோ. செபஸ்டியன்ரை அம்மா மார்த்தா சமைக்கிற இடம். மீன்தான் எல்லாம். அனாவும் வருவா."

அனா, பேத்தி. அவர் யோசிப்பதற்கு முன்னமே வாய் "ஓம்" என்றுவிட்டது. கொழும்பானின் பிள்ளை என்றாலும் சுகிர்தத்தின் பேத்தியல்லவா? இனி இழக்க அவரிடம் வேறு யார் இருக்கிறார்கள்? விழுங்குவோம், கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவோம் என்று முடிவெடுத்தார்.

ஞாயிறு மழை. முகம் வழித்து, சுகிர்தத்தின் செத்தவீட்டுக்குப் பிறகு தொடாத கோட்டைப் போட்டுக்கொண்டு, பொபினியில் மெத்ரோ ஏறி, ஸ்தாலின்கிராட்டில் இரண்டாம் லைனுக்கு மாறினார். வழி முழுக்க ஒரு சொல்லை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். சோதனைச்சாவடிகளில் காதில் விழுந்த பாசையில், சுகம் விசாரிக்கிற சொல் அது ஒன்றுதான் அவருக்குத் தெரியும். முப்பது வருடத்தில் அதைத் தானாக விரும்பிச் சொல்லப்போவது இதுவே முதல் தடவை. மகளுக்காக அதையும் செய்யலாம்.

கடைக்குள் எட்டு மேசைகள். பொரித்த வாழைக்காயும் தேங்காய்ப்பாலும் மணத்தன. செபஸ்டியன் எழுந்து நின்று கை கொடுத்தான், கை வேர்த்திருந்தது. டிலானி கன்னத்தில் முத்தம் தந்தாள், மெலிந்துபோயிருந்தாள். அனா ஒரு கரண்டியால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். சுகிர்தத்தின் நெற்றி அப்படியே இருந்தது.

குசினியிலிருந்து ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு மார்த்தா வந்தாள். மடுத்தீன் எழுந்து, கோட்டைச் சரிசெய்து, தலை குனிந்து சொன்னார்.

"கொஹொமத?"

மார்த்தா சிரித்தாள். ஒன்றும் விளங்காதவர்கள் சிரிக்கிற சிரிப்பு. பிறகு வேறேதோ பாசையில் கடகடவென்று பொழிந்துவிட்டு, அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு உள்ளே போனாள். அது அவர் சாவடிகளில் கேட்ட பாசை இல்லை.

"பப்பா, அது என்ன பாசை?" என்று டிலானி கேட்டாள்.

"சிங்களம்தான். அவையின்ரை பாசை."

"அவைக்கு ஏன் சிங்களம்? அவை ஸ்பானிஷ் கதைக்கிற ஆக்கள்."

செபஸ்டியன், விருந்தாளி தன் ஊரைக் கேட்கிறார் என்று நினைத்து, சுவரில் தொங்கிய படத்தை விரலால் காட்டினான். தென்னமெரிக்காவின் வரைபடம். அதன் தலைமாட்டில், இரண்டு கடலுக்கு நடுவே, மஞ்சளும் நீலமும் சிவப்புமாக ஒரு நாடு. கொலம்பியா. பேசாலைப் பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரம் படித்தவர்தான் மடுத்தீனும். அந்தப் பெயரை அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார், இரண்டாம் தரமும் வாசித்தார்.

அப்புறம் சிரிக்கத் தொடங்கினார். சுகிர்தம் போனபிறகு அவர் சிரித்ததே இல்லை, இப்போது கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தார். செபஸ்டியனின் கையைப் பிடித்து உலுக்கி, "மன்னிச்சுக்கொள்ளும் தம்பி, மன்னிச்சுக்கொள்ளும்" என்றார். அவனுக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும், கிழவர் சிரித்தது பெரிய காரியம் என்று விளங்கியது. அனாவைத் தூக்கி அவர் மடியில் இருத்தினான்.

சாப்பாடு வந்தது. முழுதாகப் பொரித்த மீன், தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, தட்டிப் பொரித்த வாழைக்காய், இறாலும் கணவாயும் மட்டியும் போட்ட ஒரு சட்டி குழம்பு. விளைமீன் சாதி, நேற்றுப் பிடித்தது என்று மடுத்தீன் சதையைப் பார்த்தே சொன்னார். முள் எடுத்து, விரல் நுனியில் மசித்து, பேத்திக்கு ஊட்டினார். குழந்தை வாயைத் திறந்து திறந்து வாங்கியது. நான்கு வருடப் பாரம் இறங்கிப்போய்விட்டது என்று அவருக்குப் பட்டது.

"நான் விசரன் பிள்ளை" என்றார் மகளிடம். "நீ கொலொம்பியன் எண்ட நேரம் எனக்குக் கொழும்பான் எண்டெல்லோ கேட்டது. பெரேரா வேறை. உன்ரை புருசனை நான் இவ்வளவு நாளும் சிங்களவன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்திட்டன்! இப்பிடியெண்டு தெரிஞ்சிருந்தால் நான் ஏன் மறிக்கிறன்? கலியாணத்தண்டு சேர்ச்சிலை முன்வாங்கிலை இருந்திருப்பன்."

அவளும் சிரிப்பாள் என்று பார்த்தார். டிலானி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் என்ன சொன்னார் என்று செபஸ்டியன் மெதுவாகக் கேட்டான். அவள் அவனுக்குச் சொல்லவில்லை.

"நான் வேறை மாதிரி நினைச்சன், பப்பா" என்றாள். தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "பப்பா தெரியாத ஆக்களைக் கண்டு பயப்பிடுறார், கிட்ட வந்து பாத்தாச் சரியாகும் எண்டு நினைச்சன். அம்மாவும் அப்பிடித்தான் சொன்னவா. அதாலைதான் கூப்பிட்டனான்."

"இப்ப சரிதானே, பிள்ளை. எல்லாம் ஒரு சொல்லாலை வந்த வினை."

"சரியில்லை. அவன் உண்மையாச் சிங்களவனா இருந்திருந்தா?"

மடுத்தீனின் விரல் மீனில் நின்றது. "பேதுருவை—" என்று தொடங்கினார்.

"சித்தப்பாவைக் கொண்டுபோனது செபஸ்டியன் இல்லை. சிங்களவனா இருந்திருந்தாலும் அவன் இல்லை." அவளுடைய குரல் உயரவில்லை. "சொல்லுங்கோ. அவன் சிங்களவனா இருந்திருந்தா, அம்மா அனாவை யன்னலாலை பாத்தது சரியோ?"

இல்லை என்று ஒரு சொல் போதும். அவள் அதற்குத்தான் காத்திருந்தாள், அது அவருக்கும் தெரிந்தது. ஆனால் இல்லை என்று சொன்னால், சாகக்கிடந்தவளை எழுப்பி அந்த யன்னலடியில் நிறுத்தியது யார்? பேதுருவை அந்த லொட்ஜில் நிற்கச் சொன்னவரே சுகிர்தத்தையும் அங்கே நிறுத்தினார் என்று ஆகிவிடுமே. காது பிழைத்தது என்றால் ஒருவன் தாங்குவான். மனம் பிழைத்தது என்றால் எதைப் பிடித்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டுவான்? அந்தப் பாரம் அவரால் முடியாது. உண்மையிலேயே முடியாது.

"ஓம்" என்றார்.

டிலானி எழுந்து மேசையைச் சுற்றி வந்தாள். அனாவின் வாயை லேஞ்சியால் துடைத்து, அவரது மடியிலிருந்து தூக்கினாள். குழந்தை மீனைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. செபஸ்டியன் எழுந்து இவரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான், பிறகு குழந்தையின் கோட்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனான். கதவு திறந்தபோது மழைச்சத்தம் உள்ளே வந்தது.

மார்த்தா குசினியிலிருந்து ஓடிவந்து, காலியான கதிரைகளைப் பார்த்தாள். பாதி தின்ற மீனைப் பார்த்தாள். தன் சமையலில்தான் ஏதோ பிழை என்று எண்ணி, முகம் வாடி, தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில் மீன் நன்றாயில்லையா என்று கேட்டாள்.

"நல்லாயிருக்கு, அக்கா" என்று மடுத்தீன் தமிழில் சொன்னார். "மீனிலை ஒரு பிழையும் இல்லை."

அவளுக்கு அது விளங்கவில்லை.