மிச்சமிருந்த உண்ணி மருந்து

ஞாயிற்றுக்கிழமை காலை லிட்டில் இந்தியாவில் மளிகை வாங்கிக்கொண்டு குமுதா வீடு திரும்பியபோது மணி பத்தரை. கதவைத் திறந்தால் கால்களைச் சுற்றிக்கொண்டு வரும் பூனையைக் காணவில்லை.

உடம்பு முழுக்கக் கறுப்பாக இருந்ததால் அதற்கு கிச்சாப் என்று பெயர் வைத்திருந்தார்கள். மலாயில் சோயா சாற்றுக்கு அதுதான் பெயர். நான்கு வயதுப் பெண் பூனை. குமுதாவின் பையில் மீன் இருக்கிறதோ இல்லையோ, தலையை உள்ளே விட்டுப் பார்க்காமல் விடாது.

சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கிச்சாப் ஒடுங்கிக் கிடந்தது. காதுகள் துடித்துக்கொண்டிருந்தன. முதுகுத் தோல் சின்னச் சின்ன அலையாக ஓடியது. குமுதா மெதுவாக இழுத்துத் தரையில் நிறுத்தினாள். பின்னங்கால்கள் நிற்காமல் பக்கவாட்டில் சரிந்தன.

"என்னங்க! இங்க வாங்க, சீக்கிரம்!"

அவள் கணவன் கோகுலன் வாசலில் காடியின் சக்கரங்களைக் கழுவிக்கொண்டிருந்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான்.

"குளிருது போல லா. ராத்திரி மழை பேஞ்சுச்சு இல்ல."

"குளிருனா இப்படியா நடுங்கும்? நிக்க முடியல பாருங்க. எதாச்சும் சாப்பிட்டுச்சா?"

"காலையில கொஞ்சம் பிஸ்கட்டு வெச்சேன். தொடவே இல்ல."

"மருந்து எதாச்சும் குடுத்தீங்களா?"

"நான் எதுக்குக் குடுக்கப் போறேன்? ஒன்னும் குடுக்கல."

குமுதா கைத்தொலைபேசியை எடுத்தாள். ஜெலுத்தோங்கில் அவர்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது இடத்தில், திங்கட்கிழமை அழைக்கச் சொல்லி ஒரு பதிவுக் குரல் மலாயிலும் சீனத்திலும் பேசியது. பர்மா ரோட்டுப் பக்கம் இருந்த மூன்றாவது கிளினிக்கில் ஒரு பெண் எடுத்தாள். விஷம் ஏதாவது தின்றதா, எலி மருந்து வைத்தீர்களா, மனிதர் சாப்பிடும் மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா என்று வரிசையாகக் கேட்டாள்.

குமுதா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். "எலி மருந்து வெச்சீங்களா? பனடோல் எதாச்சும்?"

"எத்தன வாட்டி கேப்ப? ஒன்னும் இல்லனு சொல்றேன்ல."

கொடுக்கவில்லை என்று அவள் சொன்னாள். டாக்டர் அறுவைச் சிகிச்சையில் இருக்கிறார், இரண்டு மணிக்குக் கொண்டு வாருங்கள், வலிப்பு வந்தால் உடனே வாருங்கள் என்றாள் அந்தப் பெண்.

இரண்டு மணிக்கு இன்னும் மூன்றேகால் மணி நேரம் இருந்தது. கோகுலன் காடியைத் துடைக்கப் போய்விட்டான். பின்கட்டில் கட்டியிருந்த நாய் பிரவுனி, குமுதாவின் பதற்றத்தைப் பார்த்துத் தானும் குரைத்தது. கிச்சாப்பின் வாயோரம் எச்சில் வடியத் தொடங்கியது. குமுதா துண்டை மடித்து அதற்கு அடியில் வைத்தாள். தண்ணீர் காட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை வாசலுக்குப் போய், "இப்பவே போயிடலாமா?" என்று கேட்டாள்.

"ரெண்டு மணினு தானே சொன்னாங்க? அங்க போய் உக்காந்து என்ன பண்ணப் போறோம்? நீ சும்மா டென்ஷன் ஆவாத. பூனைக்கு எல்லாம் தானா சரியாயிடும்."

அவனுக்கு எதுவுமே தானாகச் சரியாகிவிடும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபது வருடமாக இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். அங்கே எப்படியோ, வீட்டில் எந்தப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதையும் அவன் படித்ததில்லை. கிச்சாப் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருக்கிறது, கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள் என்று குமுதா இரண்டு சனிக்கிழமைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் வாரம் காடிக்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாவது வாரம் தூங்கிவிட்டான்.

பதினொன்றேகாலுக்குப் பக்கத்து வீட்டுச் சலேஹா வாசலில் நின்று கூப்பிட்டாள். அவள் நான்கு பூனைகள் வளர்க்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது குமுதாவின் குரல் கேட்டிருக்கிறது.

"குமுதா, பிரவுனி கட்டித்தானே இருக்கு? உள்ள வரவா?"

"வாங்கக்கா. பின்னாடிதான் கட்டியிருக்கு. கிச்சாப்பப் பாருங்க, என்னமோ ஆயிடுச்சு."

சலேஹா சப்பணமிட்டு உட்கார்ந்து கிச்சாப்பின் தலையைத் தடவினாள். கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள். பிடரியில் கை வைத்ததும் நிறுத்தினாள். விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள், மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்னம்மா இது, பிசுக்குனு இருக்கு? எண்ணெய் தடவுனியா?"

"இல்லையேக்கா."

குமுதாவும் தொட்டாள். தோள்களுக்கு நடுவே முடி நனைந்ததுபோல் ஒட்டிக்கிடந்தது. மண்ணெண்ணெயும் இல்லாத, பெயிண்டும் இல்லாத ஒரு வாடை. அந்த வாடை அவளுக்குத் தெரியும். மாதம் ஒரு முறை பிரவுனியின் மேல் அடிக்கும் வாடை அது.

"என்னங்க!" இந்த முறை அவள் போட்ட சத்தத்தில் கோகுலன் துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"இது கழுத்துல என்ன போட்டீங்க?"

"கழுத்துலயா? அதுவா..." அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நேத்து சாயந்திரம் பிரவுனிக்கு உண்ணி மருந்து போட்டேன். டியூபுல பாதி மிச்சம் இருந்துச்சு. இதுவும் சொறிஞ்சுக்கிட்டே இருக்குனு நீதான சொன்ன? அதான் இதுக்கும் கொஞ்சம் போட்டு விட்டேன்."

"மருந்து குடுத்தீங்களானு எத்தன தடவ கேட்டேன்?"

"குடுக்கலயே! அது மேல போடுறது லா. உள்ளுக்கா குடுத்தேன்?"

அவன் பொய் சொல்லவில்லை. குமுதாவுக்குத் தாங்க முடியாமல் இருந்ததே அதுதான். பொய் சொல்லியிருந்தால் கத்தியாவது தீர்த்திருக்கலாம். அவன் முகத்தில் இருந்தது, கேட்டதற்குச் சரியாகத்தானே பதில் சொன்னேன் என்ற குழப்பம்.

சலேஹாதான் தொலைபேசியை அவள் கையில் வைத்தாள். "டாக்டர் கிட்ட சொல்லு, முதல்ல. சண்டையெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம்."

நாய் உண்ணி மருந்து என்ற வார்த்தையைக் கேட்டதும் கிளினிக்கில் அந்தப் பெண் காத்திருக்கச் சொன்னாள். அரை நிமிடத்தில் டாக்டரே வந்துவிட்டார். அவர் பெயர் அதிரா.

"அக்கா, முழுசா வெட்டி இழுக்குதா, இல்ல நடுக்கம் மட்டும்தானா?"

"நடுக்கம்தான் டாக்டர். ஆனா கூடிக்கிட்டே போவுது."

"சரி. பாத்திரம் கழுவுற சவுக்காரம் இருக்கும்ல? வெதுவெதுனு தண்ணி, சூடு வேணாம், பச்சைத் தண்ணியும் வேணாம். கழுத்துல மருந்து பட்ட இடத்த மட்டும் நல்லா நுரை வெச்சுக் கழுவுங்க. துடைச்சு துண்டுல சுத்தி உடனே கிளம்பி வாங்க. அந்த மருந்துப் பெட்டியும் வேணும்."

குமுதா பிடித்துக்கொள்ள, சலேஹா கழுவினாள். தண்ணீர் என்றால் நகத்தை நீட்டும் பூனை, ஈரத்துணிபோல் கைகளில் தொங்கிக்கொண்டு துடித்தது. வெளியே கோகுலன் குப்பைத்தொட்டியைத் தரையில் கவிழ்த்துத் தேடும் சத்தம் கேட்டது. டீத்தூளும் முட்டை ஓடும் ஒட்டிய பெட்டியோடு வந்து நின்றான்.

பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு பூனைப் படம் இருந்தது. அதன் மேல் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தது.

குமுதா அதை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள்.

"பின்னாடி போட்டா யாருக்குத் தெரியும்?" என்றான்.

வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சலேஹா சொன்னாள். காடி கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை, வெளியூர்க் காடிகளாக ஊர் நிறைந்திருந்தது. ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் கோகுலன் ஸ்டியரிங்கைத் தட்டினான், முன்னால் நின்றவர்களைத் திட்டினான். குமுதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு துண்டுக்குள் இருந்த துடிப்பை எண்ணாமல் இருக்கப் பார்த்தாள். அந்த மூன்றேகால் மணி நேரத்தில் ஒரு மணி நேரம் ஏற்கனவே போய்விட்டிருந்தது. முதல் தொலைபேசியிலேயே அவன் சொல்லியிருந்தால் இப்போது ஊசி போட்டு முடித்திருப்பார்கள்.

"ஏதாச்சும் பேசு லா" என்றான் அவன்.

அவள் துண்டை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கிளினிக் வாசலை அடைந்தபோது கிச்சாப்புக்கு முதல் வலிப்பு வந்தது. அதிரா துண்டோடு வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். கதவு மூடியது. நாற்பது நிமிடம் கழித்து அவர் வெளியே வந்தபோது கோகுலன் எழுந்து நின்றான்.

"ஊசிக்கு வலிப்பு நின்னுடுச்சு. நடுக்கம் இன்னும் இருக்கு. டிரிப் ஏத்துறோம். ரெண்டு ராத்திரியாவது இங்க இருக்கணும். நாளைக்குக் காலையிலதான் உறுதியா சொல்ல முடியும்."

"பாதி டியூபுதான் டாக்டர் போட்டேன். நாய்க்கும் அதே பாதிதான், அதுக்கு ஒன்னும் ஆவலயே?"

"அண்ணே, அளவு இங்க பிரச்சனையே இல்ல. நாய் உடம்பு இந்த மருந்த உடைச்சு வெளிய தள்ளிடும். பூனை உடம்பால அது முடியாது. கொஞ்சமா போட்டாலும் நரம்பப் புடிச்சு ஆட்டிடும். நாய்க்குப் போட்டுட்டு அது பக்கத்துலயே பூனை படுத்து, அத நக்குனாக்கூட ஆபத்து. ரெண்டையும் மூணு நாளைக்குத் தனித்தனியா வெக்கணும்."

"ரெண்டுக்கும் உண்ணி ஒன்னுதானேனு நெனச்சேன்" என்றான் கோகுலன். குரல் இறங்கியிருந்தது.

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்கள். முன்னங்காலில் முடியை மழித்து ஊசி குத்தியிருந்தார்கள். இவ்வளவு சின்ன உடம்பா என்று குமுதாவுக்குத் தோன்றியது. பக்கத்தில் கோகுலன் மூக்கை உறிஞ்சினான். அந்தப் பூனை ராத்திரியில் அவன் வயிற்றின் மேல்தான் தூங்கும். அதைச் சொறிய விட்டுப் பார்க்க அவனுக்கும் மனம் வரவில்லை, அதனால்தான் போட்டிருக்கிறான். எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை கிச்சாப் வீடு திரும்பியது. மெலிந்திருந்தது, நடை கொஞ்சம் தள்ளாடியது, ஆனால் சாப்பிட்டது. அன்றைக்கே கோகுலன் தன் அண்ணன் தங்கராஜுவிடம் தொலைபேசியில் பேசுவது கூடத்திலிருந்து கேட்டது. "அஞ்சு நிமிஷம் லேட்டா போயிருந்தா கதை முடிஞ்சிருக்கும்ணே. நான் எப்படி ஓட்டிக்கிட்டுப் போனேன் தெரியுமா?"

அவன் வைக்கும்வரை குமுதா காத்திருந்தாள்.

"இன்னும் ஒரு வார்த்தை நீங்க சாரி சொல்லல."

"சொன்னேனே."

"எப்ப?"

அவன் யோசித்தான். "கிளினிக்குல... மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்."

"என் காதுல விழலங்க."

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செய்யலனு எனக்குத் தெரியாதா? கேட்டப்ப யோசிச்சுச் சொல்லலயே, அதத்தான் கேக்கறேன். ரெண்டு தடவ கேட்டேன். ஒரு தடவயாச்சும் நின்னு யோசிச்சீங்களா?"

அவன் எழுந்து பிரவுனிக்குத் தண்ணீர் வைக்கப் போனான். அதற்குமேல் அந்தப் பேச்சு நகரவில்லை. மறுநாளும் நகரவில்லை. நாய், பூனை இரண்டின் மருந்துகளையும் குமுதா தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பூனையின் கழிவுத் தட்டுக்கு மணல் வாங்கச் செல்லப்பிராணிக் கடைக்குப் போயிருந்தார்கள். குமுதா மணல் மூட்டையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது அடுத்த வரிசையிலிருந்து கோகுலனின் குரல் கேட்டது. கையில் நாய் உண்ணி மருந்தோடு நின்ற ஒரு இளம்பெண்ணிடம் அவன் பேசிக்கொண்டிருந்தான்.

"வீட்டுல பூனையும் இருக்கா தங்கச்சி? இதப் பூனைக்குப் போட்டுடாத. செத்துடும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், மிச்சம் இருக்கேனு போட்டு விட்டாரு. ரெண்டு நாள் டிரிப்புல கெடந்து பொழைச்சுச்சு. நாய்க்குப் போட்டாலும் பூனைய மூணு நாளைக்குக் கிட்ட விடாத. பெட்டிக்குப் பின்னாடி பாரு, படம் போட்டிருக்கும். யாருமே படிக்கிறதில்ல லா."

குமுதாவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. தெரிஞ்ச ஒருத்தராம். அந்த வரிசைக்குப் போய், அந்த ஒருத்தர் இவர்தான் என்று சொல்லிவிட வாய் துடித்தது. இரண்டடி வைத்துவிட்டாள். அந்தப் பெண் பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

குமுதா நின்றாள். பிறகு பத்துக் கிலோ மூட்டையைத் தானே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பணம் கட்டும் இடத்துக்கு நடந்தாள்.