அஸர் வரைக்கும்

மொஹேலித் தீவிலிருந்து தம்பி அத்துமானே போன் போட்டபோது மொரோனியில் சல்ஹாத்தா விடிகாலை சுபுஹு தொழுது முடித்திருந்தாள். வாப்பா மௌத்து. அழக்கூட விடாமல் அடுத்ததைச் சொன்னான்.

“அக்கா, கபன் துணி ஒங்கிட்டதானே இருக்கு? எடுத்துக்கிட்டு ஓடியா. சாயங்காலம் அஸர் வரைக்கும் வச்சிருப்போம். அதுக்கு மேல மையத்த வைக்க மாட்டாங்க.”

தன் மையத்தைப் பொதிவதற்கென்று வாப்பா ஹஜ்ஜில் ஜம்ஜம் தண்ணீரில் நனைத்து உலர்த்திய துணி அது. பன்னிரண்டு வருஷமாகக் கடல் தாண்டி எங்கே போனாலும் வாப்பா அதைக் கூடவே தூக்கிப்போவார். மௌத்து எந்தத் தீவில் வந்து பிடிக்குமோ, யார் கண்டார்? போன மாதம் மொரோனிக்கு வந்து கண் ஆபரேஷன் செய்துகொண்டவர், பார்வை தெளிந்த சந்தோஷத்தில் மூட்டையை மகள் வீட்டு அலமாரியிலேயே மறந்துவிட்டார்.

மூட்டையோடு விமான நிலையத்துக்கு ஓடினாள். விமானத்தில் இடமில்லை. பத்தொன்பது பேர் ஏறலாம். இருபதாவது ஆளுக்கு யார் செத்தாலும் இடம் கிடையாது. அங்கே இரக்கத்தையும் தராசில் நிறுத்துத்தான் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியைக் கைத்தாங்கலாக அதே விமானத்தில் ஊருக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்த ஊர்க்காரர் புர்ஹான் வாத்தியார், மூட்டையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

“அத எங்கிட்ட குடும்மா. பத்து மணிக்கு ஒன் தம்பி கையில இருக்கும்.”

அவள் கை நீளத்தான் போனது. ஆனால் துணி பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் மத்தியான லுஹரோடு அடக்கிவிடுவார்கள். ஊரில் பெண்கள் அடக்கம் செய்யும் கபுறுக்குப் போவதில்லை. வீட்டில் முகம் பார்த்தால்தான் உண்டு. துணி தன்னிடம் இருந்தால் வாப்பா காத்திருப்பார்.

“இல்ல வாத்தியாரே, நானே கொண்டுபோறேன். படகு இருக்கு.”

சிந்தினிக் கரையில் படகு கிளம்பவே பகல் பதினொன்று. நடுக்கடலில் இஞ்சின் நின்றது.

“சர்க்கார் உத்தியோகம் பாக்குற இஞ்சின் போல. மத்தியானமானா தூங்கிடுது” என்றார் ஒரு வெங்காய வியாபாரி.

எல்லாரும் சிரித்தார்கள். சல்ஹாத்தா மூட்டையை நனையவிடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு, வெயில் சாய்வதைப் பார்த்தபடி இருந்தாள். லுஹர் போயிற்று. அஸரும் போயிற்று. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மொஹேலியின் ஹோவானிக் கரையில் அத்துமானே நின்றிருந்தான். கால்களில் கபுறு மண்.

“கடைத்துணியிலதான் பொதிஞ்சோம்” என்றான். “வெமானம் வந்தப்ப போய் நின்னேங்க்கா. எறங்குன ஒவ்வொருத்தர் கையையும் பாத்தேன். வாத்தியார்கிட்ட கேட்டா, தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. குடுத்துவிட ஒருத்தரும் கெடைக்கலியா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான்.

“வாத்தியார் கேட்டாரு. நாந்தான் குடுக்கல. வாப்பா மொகத்தப் பாக்கணும்னு…”

அவன் திரும்பி நடந்தான். மூன்று நாள் வீட்டில் சோறு வைத்தான், வந்தவர்களுக்கு இடம் காட்டினான், அவளிடம் மட்டும் பேசவில்லை. நான்காம் நாள் அவளை விமானத்துக்குக் கொண்டுவந்து விட்டான். படிக்கட்டு போட்ட பிறகுதான் வாய் திறந்தான்.

“கடேசி ராத்திரி முழுக்க, துணிய மறந்துட்டேனேன்னு ஒரே பொலம்பல். ‘சல்ஹாத்தா எப்படியும் அனுப்பிடுவா வாப்பா’ன்னு சொன்னேன். அப்புறம்தான் கண்ண மூடுனாரு.”

பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

“போக்கா, ஒன்னத்தான் கூப்புடுறாங்க” என்றான்.