மூன்று பிரதிகள்

நடுநிலை மண்டலத்துக்குள் போலந்துப் படையும் நுழையக் கூடாது, லிதுவேனியப் படையும் நுழையக் கூடாது என்று ஜெனீவா அனுப்பிய சமாதானக் கமிஷன் கோடு போட்டிருந்தது. நுழைந்தவர்கள் சீருடையைக் கழற்றிவைத்துவிட்டு நுழைந்தார்கள். அப்படி ஆற்றுக்குத் தெற்கே போலந்துப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன் எங்கள் ஊர் லியுட்விகாஸை அவர் களஞ்சியத்திலேயே சுட்டுவிட்டுக் குதிரையை ஓட்டிக்கொண்டு போனான். என் தம்பி யுஸ்டினாஸ் பரண்மேல் வைக்கோலுக்குள் இருந்தான். சுட்டவனை அவனுக்குத் தெரியும்.

பதினோராம் நாள் கமிஷனின் கார் வெள்ளைக் கொடியோடு வந்தது. இரண்டு முறை பனியில் சிக்கியது. எங்கள் குதிரைகள்தான் இழுத்து வந்தன.

"கார நகத்தவே நாம வேணும். இவங்க சண்டைய நிறுத்துவாங்களாம்," என்றான் கொல்லன் பெனடிக்டாஸ்.

விசாரணை லியுட்விகாஸின் சமையலறையில் நடந்தது. மேசையருகே ஒரு ஸ்பானிய மேஜர். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், வில்னாவில் ஆசிரியராக இருந்தவர். லியுட்விகாஸின் மனைவி மார்செலே அடுப்பை ஒட்டி நின்றாள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள், அந்த நேரம் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள், எழுந்து போனார்கள். கொலை நடந்தது மாலை நான்கு மணிக்கு. மேஜர் அதையும் எழுதிக்கொண்டார்.

யுஸ்டினாஸ் மட்டும் பார்த்ததைச் சொன்னான். ஷிமோன். முன்பு மாவு மில்லில் வேலை பார்த்தவன். இடது கையால் சுட்டான். மேஜர் எழுந்து தம்பியின் கையைக் குலுக்கினார். மண்டலத்தில் பெயர் சொன்ன முதல் சாட்சி இவன்தானாம். தம்பி கையெழுத்துப் போட்டான்.

மொழிபெயர்ப்பாளர் தாள்களைப் பிரித்தார். மூன்று இருந்தன. எதற்கு என்று கேட்டேன். ஒன்று ஜெனீவாவுக்கு, மற்றவை இரண்டு அரசாங்கங்களுக்கும் என்றார். குற்றம் சாட்டப்பட்ட பக்கமும் பதில் சொல்ல வேண்டுமல்லவா.

"பேரோடயா போகும்?"

"பேரில்லாத சாட்சி செல்லாதும்மா."

வார்சாவில் எந்த மேசைக்குப் போனாலும் அந்தத் தாள் ஒரு மாதத்தில் எங்கள் ஆற்றங்கரைக்கு, ஷிமோன் காதுக்கு, வந்துவிடும். இங்கே போலீஸ் கிடையாது. கிழித்துப்போடச் சொன்னேன். கையெழுத்தான தாளைக் கிழிக்க விதியில்லை என்றார் மேஜர். தம்பியைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். அதற்கும் அனுமதியில்லை. அவர் உண்மையாகவே வருந்தினார்.

மொழிபெயர்ப்பாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, மறுப்புச் சாட்சி இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புவோம் என்றார். இதை மேஜர் சொல்லவில்லை.

நான் உட்கார்ந்தேன். சிலுவைமேல் கை வைத்தேன்.

"என் தம்பி அன்னிக்கு என் வீட்ல குடிச்சிட்டுக் கெடந்தான். களஞ்சியத்துப் பக்கமே போகல."

"அக்கா, வேணாம்," என்றான் தம்பி. பிறகு மேஜரிடம், "பொய் சொல்றா," என்றான்.

வாசலில் நின்ற கொல்லன் உள்ளே வந்தான்.

"குடிச்சான்னா இவனுக்கு ஷிமோன் என்ன, ஜார் மன்னரே கண்ணுக்குத் தெரிவாரு."

அவன் அதற்குக் கையெழுத்தும் போட்டான். அவனுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

மேஜர் பேனாவை வைத்தார். இறந்தவரின் மனைவி சொல்லட்டும், சுட்டது யார் என்றார். கொலை நடந்த அன்றே தம்பி அவளிடம் பெயரைச் சொல்லியிருந்தான். நான் மார்செலேயின் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தேன். மாவு ஒட்டியிருந்தது.

"எம் புருஷன் செத்தது ஊருக்கே தெரியும். எவன் சுட்டான்னும் தெரியும்," என்றாள் எங்கள் மொழியில். "இந்தப் பையனயும் பொதைக்க எனக்குத் தெம்பில்ல. தெரியாதுன்னு எழுதிக்கச் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் ஒற்றைச் சொல்லில் அதை மேஜரிடம் சொன்னார்.

யுஸ்டினாஸ் அடுத்த வசந்தத்தில் தன் நிலத்தை உழுதான். என் வேலியைத் தாண்டித்தான் போக வேண்டும். திரும்பிப் பார்க்காமல் போனான்.