பூட்டு ரிப்பேர்காரர் மனைவி

மூன்று மணிக்குப் பழைய தாள் எடுக்கும் வண்டி வரும். அதற்குள் கீழ்த்தளத்து ஏடுகள் நாற்பதையும் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். ஆவணக் காப்பகத்தில் என் வேலை சுமப்பதுதான், படிப்பதற்குச் சம்பளம் இல்லை. ஆனால் ஐம்பது தாண்டி எழுத்துக் கற்றவளுக்குக் கண் சும்மா இருக்குமா? எழுத்தைக் கண்டால் விரல் வைத்து வாய்விட்டுப் படித்துவிடுவேன். மனதுக்குள் படிக்க இன்னும் வரவில்லை.

எல்லாம் நூல் ஆலையின் வருகை ஏடுகள், பெண்கள் பகுதி. அந்தக் காலத்துக் குமாஸ்தா ஒரு பெண்ணின் பெயரைக்கூட எழுதவில்லை. வாட்ச்மேன் மனைவி. டிரைவர் மனைவி. எதிரே கைநாட்டு. இருபத்தேழாவது ஏட்டில் என் விரல் நின்றுவிட்டது. பூட்டு ரிப்பேர்காரர் மனைவி.

ஊருக்கே ஒரே பூட்டு ரிப்பேர்காரர் என் அப்பாதான்.

அம்மா அந்த ஆலையில் இயந்திரத்தடியில் மயங்கி விழுந்து, அப்படியே போய்ச் சேர்ந்தவள். எனக்கு அப்போது இரண்டரை வயது. அப்பா அவளை ‘இந்தா’ என்றுதான் கூப்பிடுவாராம். அவள் செத்த பிறகு அந்த ‘இந்தா’வும் இல்லை. எந்த விண்ணப்பத்திலும் தாய் பெயர் என்ற கட்டத்தில் கோடு போட்டே காலம் தள்ளிவிட்டேன்.

ஏட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு, காப்பாளர் மேடத்திடம் போனேன்.

“இதைக் கழிக்காதீங்க மேடம். இதுல எங்க அம்மா இருக்காங்க.”

“அப்படியா? எந்தப் பேர்?”

அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன்.

மேடம் கெட்டவர் இல்லை. “பேர் இல்லாததை நான் எந்த அட்டவணைல சேர்ப்பேன், நீங்களே சொல்லுங்க. ஒரு பேரோட வாங்க, வச்சுக்கறேன். தனித் தாள்ல பென்சில்ல எழுதுங்க. ஏட்டுல கை வச்சுடாதீங்க.”

கீழே வந்தேன். அங்கே அடுக்குகளுக்கு இடையில் ஆள் நடந்தால்தான் விளக்கு எரியும். நான் நின்ற சந்தில் மட்டும் வெளிச்சம். பெயருக்கு எங்கே போவது? ஏதாவது குறிப்பு அகப்படுமா என்று முதல் வரியிலிருந்து படித்தேன். “வாட்ச்மேன் மனைவி.”

அடுத்த சந்தில் விளக்கு எரிந்தது.

“அந்தாளை எதுக்கு இழுக்குறீங்க? எனக்குப் பேர் இல்லையா?” என்றது ஒரு குரல். ஒரு பெயரையும் சொன்னது.

கால் ஓடப் பார்த்தது. கை பென்சிலைத் தேடியது. பெயரின் நடுவில் திணறிவிட்டேன்.

“எந்த ல? பல்லுக்குப் போடுற ல-வா, பள்ளத்துக்குப் போடுற ள-வா?”

“கைநாட்டுகிட்ட வந்து கேக்குறீங்களே. படிச்சவங்க நீங்க, பார்த்துப் போடுங்க.”

தள்ளி ஒரு சந்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அங்கேயும் விளக்கு எரிந்தது. என்னைப் படித்தவள் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

டிரைவர் மனைவி. இன்னொரு விளக்கு, இன்னொரு பெயர். தையல்காரர் மனைவி இருமிக்கொண்டே சொன்னாள். பஞ்சுத் தூசி என் மூக்கிலும் ஏறியது. பதினொரு பெயர் ஆனது. பன்னிரண்டாவது வரியில் விரலை வைத்தேன்.

“பூட்டு ரிப்பேர்காரர் மனைவி.”

எந்த விளக்கும் எரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது, அவள் என் சந்திலேயே நிற்கிறாள். தோளுக்குப் பின்னால், ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கிக்கொண்டு.

“சொல்றேன் அக்கா,” என்றாள்.

சின்னப் பெண்ணின் குரல். இருபத்து மூன்று இருக்கும். எனக்கு அறுபது. திரும்பினால் போய்விடுவாளோ என்று திரும்பவில்லை. பெயரைச் சொன்னாள். மூன்றே எழுத்து.

“சீக்கிரம் எழுதிட்டு விட்டுடுங்க அக்கா. புள்ளையை உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கேன். ஊர்ப் பூட்டெல்லாம் சரி பண்றாரு, எங்க வீட்டுப் பூட்டுதான் சரியா விழாது. முழிச்சா தெருவுக்கு வந்துடுவா.”

அவள் பெயரிலும் ஒரு ல இருந்தது. எந்த ல என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் நிற்பாள். அப்படியே வேறென்னவெல்லாமோ கேட்கலாம். அந்தப் பிள்ளை முழித்துக்கொண்டு எவ்வளவு நேரம் அழும் என்று எனக்குத் தெரியும். சரியென்று பட்ட ல-வை நானே போட்டேன்.

“ஆச்சு,” என்றேன். “பார்த்துப் போம்மா.”

செருப்புச் சத்தம் கதவுப் பக்கம் ஓடியது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நான் அசையாமல் நின்றதால் என்னுடையதும் அணைந்தது.

மூன்று மணிக்கு மேடம் இறங்கி வந்து தாளை வாங்கிப் பார்த்தார்.

“யார் சொன்னாங்க?”

“அவங்கவங்களேதான்.”

திட்டு விழும் என்று நின்றேன். அவர் இருட்டுச் சந்துகளை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “வயசும் கேட்டீங்களா?”

“இல்ல மேடம். அவங்களுக்கு நேரமில்ல.”

தாளை ஏட்டுக்குள் வைத்து, ஏட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். வாசலில் ஹாரன் அடித்தது. மீதி முப்பத்தொன்பதும் தள்ளுவண்டியில் காத்துக்கிடந்தன.

“வண்டிக்காரரை அடுத்த வாரம் வரச் சொல்லுங்க,” என்றார் மேடம்.