நீக்கிப் பார்த்தல்

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மெரின் லாஸ்பேட்டை கல்லூரி ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு மாத்திரை கல்லீரலுக்குள் போய்ச் சிதைவதற்குள் நடக்கும் வேதிவினைகளையெல்லாம் சமன்பாடுகளாக எழுதி வைத்திருந்தாள். அத்தனையையும் கொடுத்தால் கம்ப்யூட்டரே திணறும். அதனால் ஒவ்வொரு பொருளாக நீக்கிப் பார்க்க வேண்டும். நீக்கியும் முடிவு மாறவில்லையென்றால் அது தேவையில்லை. முதலில் அடிபடுவது பெரும்பாலும் நடுவில் இருப்பதுதான், ஒன்றிடம் வாங்கி இன்னொன்றிடம் கொடுத்துவிட்டுத் தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதது. "பாவம் பாக்காதம்மா, தூக்கு" என்பார் பேராசிரியர் புருஷோத்தமன்.

பிரான்ஸில் வேலை கிடைத்திருந்தது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். போக ஆசைதான். ஆனால் அப்பா அந்தோணியும் அம்மா அகஸ்டினாவும் அண்ணன் கல்யாணத்திலிருந்து பேசிக்கொள்வதில்லை. எதற்குச் சண்டை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீந்துடுச்சின்னு."

அப்பா பக்கத்து நாற்காலியில்தான் இருப்பார். "புக் பண்ணியாச்சின்னு சொல்லு."

மெரின் சொல்வாள். தான் போய்விட்டால் இந்த வீட்டில் பேச்சே நின்றுவிடும் என்ற பயத்தில் போன வருடமும் ஒரு வேலையை வேண்டாமென்றாள். சிநேகிதிகள் ஒவ்வொருத்தியாகக் கிளம்பிப் போனார்கள். இப்போது டீ குடிக்கக்கூடத் துணைக்கு ஆளில்லை.

சாயங்காலம்தான் வருவேன் என்று சொல்லியிருந்தவள், கரண்ட் போனதால் மத்தியானமே குருசுக்குப்பத்து வீட்டுக்குத் திரும்பினாள். மாடிப்படியிலேயே மீன் குழம்பு வாசனை. கதவு ஒருக்களித்திருந்தது.

"முள்ளு பாத்து சாப்புடுங்க. போன வாரம் மாதிரி மாட்டிக்கப் போவுது." அம்மாவின் குரல்.

"நீயும் உக்காரேன். ஆறிப்போவுதில்ல," என்றார் அப்பா.

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வருடங்களாகியிருந்தன. மெரின் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். போன ஞாயிறும் அவள் வீட்டில் இல்லை. அதற்கு முந்தைய ஞாயிறும் இல்லை. சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம், அதற்குப் பின்னால் இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு வெட்கம். படியிறங்கிக் கடற்கரைப் பக்கம் போய்விடலாமா என்றிருந்தது. பசித்தது. கதவைத் தள்ளினாள்.

இருவரும் சட்டென்று அமைதியானார்கள். அம்மா எழுந்து போய் இன்னொரு தட்டு எடுத்து வந்தாள்.

"மெரினு, உங்கப்பாவுக்கு ரசம் வேணுமான்னு கேளு."

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளிலிருந்த பையைக்கூட இறக்காமல் மெரின் அவர் பக்கம் திரும்பினாள்.

"ரசம் வேணுமாப்பா?"